முழங்காற்படியிட்ட பொம்மைகள்: ‘சர்ச் ஆஃப் ஃபூல்ஸ்’ இணையத் திருச்சபை பற்றிய நிகழ்வு ஆய்வு

2004 மே 11 அன்று, இங்கிலாந்தின் சர்ரே மாவட்டத்து ஈஷரில் நடந்த கிறிஸ்தவப் பொருட்காட்சியில், அஸ்திவாரக் கல் நாட்டப்படாத ஒரு தேவாலயம் திறக்கப்பட்டது. ‘சர்ச் ஆஃப் ஃபூல்ஸ்’ (முட்டாள்களின் திருச்சபை) எனப் பெயரிடப்பட்ட அது, பலர் ஒரே நேரத்தில் நுழையக்கூடிய முப்பரிமாண இணையக் கட்டடம். உள்ளே வருபவர்கள் கேலிச்சித்திரம் போன்ற சிறிய உருவங்களாகத் தோன்றி, நடந்து, அமர்ந்து, தட்டச்சு மூலம் பேசி, வழிபாட்டில் கலந்துகொண்டார்கள். முதல் பிரசங்கத்தை அப்போதைய லண்டன் பேராயர் ரிச்சர்ட் சார்ட்டர்ஸ் நிகழ்த்தினார். அப்போது ஃபேஸ்புக் தொடங்கி மூன்று மாதங்களே ஆகியிருந்தன, யூடியூப் பிறக்கவில்லை, வாட்ஸ்அப் வருவதற்கு இன்னும் ஐந்து ஆண்டுகள் இருந்தன.

இந்த முயற்சி முப்பரிமாண வடிவில் நீடித்தது சில மாதங்களே. ஆயினும், ஒருவரையொருவர் காணாத விசுவாசிகளுக்கிடையே உறவு எப்படி உருவாகிறது, எதனால் சிதைகிறது, எதைக்கொண்டு நிலைக்கிறது என்னும் கேள்விகளை, பெருந்தொற்றுக் காலத்து நேரலை ஆராதனைகளைவிட இது தெளிவாகக் காட்டுகிறது என்பதே இதனை ஆய்வுக்கு எடுத்துக்கொண்டதன் காரணம். படத்தின் துல்லியமோ இணைப்பின் வேகமோ அன்றி, யார் யாருக்குப் பொறுப்பு என்னும் ஏற்பாடே இத்தகைய சபைகளின் உறவைத் தீர்மானிக்கிறது என்ற முடிவுக்கு இந்த நிகழ்வு இட்டுச்செல்கிறது.

பின்னணி

இதனை உருவாக்கியவர்கள் ‘ஷிப் ஆஃப் ஃபூல்ஸ்’ என்னும் அங்கதக் கிறிஸ்தவ இதழைச் சேர்ந்தவர்கள். 1977இல் அச்சிதழாகத் தொடங்கி, 1983இல் நின்றுபோய், 1998 ஏப்ரல் 1ஆம் தேதியன்று இணையத்தில் மீண்டும் வெளிவந்த இதழ் அது. முட்டாள்கள் தினத்தை வேண்டுமென்றே தேர்ந்தெடுத்த இந்த ஆசிரியர் குழு, திருச்சபையைக் கிண்டல் செய்வதும் திருச்சபையை நேசிப்பதும் ஒன்றுக்கொன்று முரண் அல்ல என்று நம்பியது. 2003இல் அவர்கள், வேதாகமப் பாத்திரங்களை ஏற்ற 12 பேர் நோவாவின் பேழை போன்ற ஓர் இணைய வெளியில் போட்டியிடும் விளையாட்டு ஒன்றை நடத்தியிருந்தார்கள். விளையாட்டுக்காக உருவான தொழில்நுட்பமும் அனுபவமும் மறுவருடமே தேவாலயத்துக்கு வந்துசேர்ந்தன.

முக்கியப் புரவலராக முன்வந்தது பிரிட்டன் மெதடிஸ்த திருச்சபை. இது தற்செயலாகத் தோன்றினாலும், அந்தச் சபையின் வரலாற்றோடு பொருந்திப்போகிறது. மெதடிஸ்த இயக்கத்தைத் தொடங்கிய ஜான் வெஸ்லி 1739 ஏப்ரல் 2ஆம் தேதி பிரிஸ்டலுக்கு அருகே திறந்தவெளியில் பிரசங்கித்தபோது, ஆலயத்துக்கு வெளியே தேவவார்த்தையைப் பேசுவது தகாத செயல் என்ற எண்ணம் ஆங்கிலிக்கன் (இங்கிலாந்துத் திருச்சபை) குருவான அவருக்கே இருந்தது. மக்கள் இருக்கும் இடத்துக்குச் செல்வது என்ற அந்தத் துணிவே இணையத்துக்குச் செல்வதற்கும் நியாயமாகக் காட்டப்படுவதுண்டு. ஆனால் மெதடிஸ்த இயக்கத்தை நிலைநிறுத்தியது வயல்வெளிப் பிரசங்கம் மட்டும் அல்ல என்பதை அந்த நியாயம் மறந்துவிடுகிறது. 1742இல் பிரிஸ்டலில் மெதடிஸ்தர் கூடிவந்த கூடத்தின் கடனை அடைக்க வழி தேடியபோது, ஒவ்வொருவரும் வாரம் ஒரு பென்னி கொடுக்கலாம், 12 பேருக்கு ஒருவர் பொறுப்பேற்று அதை வசூலிக்கலாம் என்று கேப்டன் ஃபாய் என்பவர் யோசனை கூறினார். காசு வாங்கச் சென்றவர்கள் வீடுகளில் நோயையும் சண்டையையும் குடியையும் கண்டு வந்து சொன்னபோது, கடன் வசூல் முறைக்குள் ஒரு மேய்ப்புப் பணி ஒளிந்திருப்பதை வெஸ்லி புரிந்துகொண்டார். அதிலிருந்தே வகுப்புக் கூட்டங்களும் வகுப்புத் தலைவர்களும் தோன்றினர். 1814இல் ஜேம்ஸ் லிஞ்சும் தாமஸ் ஸ்குவான்ஸும் யாழ்ப்பாணத்தில் மெதடிஸ்த ஊழியத்தைத் தொடங்கியபோது அவர்களுக்குப் பின்னால் இருந்த மரபும் இதுவே.

திரளுக்குப் பிரசங்கம், சிறு குழுவுக்கு விசாரிப்பு என்ற இந்த இரண்டில் முன்னதை மட்டும் எடுத்துக்கொண்டு பின்னதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டால் என்ன ஆகும் என்பதைத்தான் 2004இன் கோடைக்காலம் காட்டியது.

கட்டடமும் வழிபாடும்

கற்பனையால் எதையும் கட்டலாம் என்ற சுதந்திரம் இருந்தும், அவர்கள் கட்டியது பழைய பாணி வளைவுகள் கொண்ட, பிரசங்க மேடையும் வாசிப்பு மேடையும் நீள்பலகைகளும் உள்ள ஓர் ஆலயம். கீழ்த்தளத்தில் அரட்டைக்கென ஓர் அறை இருந்தது. கால் வலிக்காத உருவங்களுக்கு நீள்பலகை எதற்கு என்று ஒருவர் கேட்கலாம். ஐந்து இணையத் திருச்சபைகளை நெருங்கி ஆராய்ந்த டிம் ஹட்சிங்ஸ், அவை பெரும்பாலும் பழகிய வடிவங்களையே நாடுவதைச் சுட்டிக்காட்டியிருக்கிறார். புதிய இடத்தில் எப்படி நடந்துகொள்வது என்று அறியாதவனுக்கு, உட்கார ஓர் இடத்தைக் காட்டுவதே பாதி வரவேற்பு ஆகிவிடுகிறது.

உருவங்கள் சில அசைவுகளைச் செய்யக்கூடியவை: கைகளை உயர்த்தித் துதிக்கும், சிலுவை அடையாளம் இடும், முழங்காற்படியிடும். இந்த மூன்றும் வெவ்வேறு மரபுகளுக்குரியவை என்பதைக் கவனிக்க வேண்டும். பெந்தெகொஸ்தே சபையாரும் கத்தோலிக்கரும் ஆங்கிலிக்கரும் அருகருகே, ஒவ்வொருவரும் தமக்குப் பழகிய அசைவோடு இருக்க முடிந்தது. வழிபாடுகள் குறுகியவை. பரமண்டல ஜெபத்தின்போது ஒவ்வொருவரும் தமக்குத் தெரிந்த மொழியிலும் தம் மரபின் வாசகத்திலும் தட்டச்சு செய்ய, திரையில் அந்த ஜெபம் முன்பின்னாகக் கலந்து நிறைந்தது. ஒழுங்கான ஓதுதலைவிட இந்தக் கலவரமான ஜெபம் உலகளாவிய சபை என்பதை உணர்த்தியதாக உருவாக்கியவர்கள் பின்னர் எழுதினார்கள். ஏளனத்துக்கு இடமளிக்கும் ஒரு பொம்மை முழங்காற்படியிடும்போது, அதை விசைப்பலகையால் இயக்குபவர் நாற்காலியில் சாய்ந்து அமர்ந்திருக்கலாம். ஆனால் ஆலயத்தில் முழங்காலில் நிற்பவரின் மனமும் எங்கேனும் அலைந்துகொண்டிருக்கலாம். உடல் அசைவு ஒன்றே பக்திக்குச் சான்று ஆகாது என்பது இணையம் வருவதற்கு முன்பே திருச்சபை அறிந்ததுதான்.

திறந்த வாசலின் விலை

உருவாக்கியவர்கள் திறப்பு விழாவை அளவாகத் திட்டமிட்டிருந்தார்கள். ஆனால் உலகச் செய்தி நிறுவனங்கள் இதனைக் கையிலெடுத்ததும், ஒரு நாளுக்கு ஆயிரக்கணக்கானோர் என்ற நிலை வந்து, 24 மணி நேரத்தில் 41,000 வருகைகள் வரை பதிவாயின. கட்டடத்துக்குள் ஒரே நேரத்தில் உருவத்தோடு தோன்றக்கூடியவர்களோ சில பத்துப் பேர்தான். மற்றவர்கள் யார் கண்ணுக்கும் தெரியாத ‘ஆவிகளாக’, பேச இயலாமல், நடப்பதைப் பார்க்க மட்டுமே அனுமதிக்கப்பட்டார்கள். இந்த ஏற்பாடு தொழில்நுட்ப நெருக்கடியால் வந்தது. ஆயினும் இன்றைய நேரலை ஆராதனையின் பார்வையாளர் எண்ணிக்கையைப் பற்றிச் சிந்திக்கும்போது அந்த ஆவிகள் நினைவுக்கு வராமல் போவதில்லை. அவர்கள் வந்திருந்தார்கள், ஆனால் சபையார் எவருக்கும் அவர்களைத் தெரியாது.

வந்தவர்களில் எல்லாரும் வழிபட வரவில்லை. சாத்தான் என்ற பெயரில் நுழைந்தவர்கள் இருந்தார்கள். பிரசங்க மேடையில் ஏறி நின்று கெட்ட வார்த்தைகளைக் கொட்டியவர்கள் இருந்தார்கள். வழிபாட்டின் நடுவே ஆலயம் முழுவதும் கேட்கும்படி கூச்சலிடும் வசதியைப் பயன்படுத்தி அதைக் குலைத்தவர்களும் இருந்தார்கள். நிர்வாகம் அந்த வசதியை நிறுத்தி, மேடைக்குச் செல்லும் வழியை அடைத்தது. தொண்டர்களாகப் பணிபுரிந்த வார்டன்களின் கையில், தொல்லை தருபவரை ஒரே சொடுக்கில் வெளியேற்றும் பொத்தான் இருந்தது. ‘ஸ்மைட்’ (அடித்து வீழ்த்து) என்று பழைய ஏற்பாட்டுக் கோபத்தின் வாடை வீசும் பெயரை அதற்குச் சூட்டியதில் அந்த ஆசிரியர் குழுவின் நகைச்சுவை தெரிகிறது. சிரிப்பை ஒதுக்கிவைத்தால், அங்கே ஒரு மெய்யான இக்கட்டு இருந்தது. எவரையும் ஏற்கும் வாசல் என்பது நற்செய்தியின் தன்மை. ஆனால் அந்த வாசலை வன்மமாகப் பயன்படுத்துபவனிடமிருந்து, ஜெபத்துக்கு வந்த பலவீனமானவனைக் காப்பதும் சபையின் கடமையே. ஊர் ஆலயத்தில் கூச்சலிடுபவனை நாலு பேர் தோளில் கைபோட்டு வெளியே அழைத்துச்சென்று, அவனோடு வாசலில் நின்று பேசவும் முடியும். பொத்தானுக்கு வெளியேற்ற மட்டுமே தெரியும்.

இந்த நிகழ்வில் உறவின் முதல் இழை எங்கே தொடங்கியது என்று தேடினால், விடை வியப்பளிக்கிறது. அது வழிபாட்டைவிட, இந்தத் தொல்லையை எதிர்கொண்ட தொண்டர்களிடமும், வழிபாடு முடிந்தும் கீழ்த்தளத்தில் தங்கிப் பேசியவர்களிடமும்தான் தொடங்கியது. ஒரு பொறுப்பை ஏற்ற பிறகு, அதே பெயரில் மறுநாளும் வந்தாக வேண்டும். மறுநாளும் வருபவரை மற்றவர்கள் அடையாளம் காண்கிறார்கள், வராத நாளில் எங்கே என்று கேட்கிறார்கள். வகுப்புத் தலைவர் வாசலைத் தட்டியதற்கு இணையான ஒன்று, எவரும் திட்டமிடாமலேயே இங்கே முளைத்தது.

முகமறைப்பு திறந்ததும் மூடியதும்

புனைபெயரும் பொம்மை உருவமும் இரண்டு விதமாக வேலை செய்தன. ஒருபுறம், ஊர்ச் சபையில் வாய்திறக்க முடியாத சந்தேகங்களையும், மணமுறிவையும், நோயையும், விசுவாசம் தளர்ந்ததையும் முன்பின் தெரியாத ஒருவரிடம் சொல்ல அது இடம் கொடுத்தது. சபை ஒன்றில் காயப்பட்டு ஆலயப் படி ஏறாதவர்களுக்கும், உடல்நிலையால் வீட்டைவிட்டு நகர முடியாதவர்களுக்கும், ஞாயிற்றுக்கிழமை வேலைக்குச் செல்பவர்களுக்கும் இது ஒரு வாசல். மறுபுறம், சொல்லப்பட்டதை எந்த அளவுக்கு நம்பலாம், துயரத்தில் இருப்பவர் திடீரென மறைந்துபோனால் அவரைத் தேடிச்செல்வது எப்படி என்ற கேள்விகளுக்கு அந்த முகமறைப்பே தடையாக நின்றது. ஒருவரின் பாரத்தை ஒருவர் சுமப்பது என்ற கலாத்தியர் நிருபத்தின் அறிவுரை, பாரத்தைக் கேட்பதோடு முடிவதில்லை.

இத்தகைய சபைகளால் ஊர்ச் சபைகள் காலியாகிவிடும் என்ற அச்சம் பரவலாக இருந்தது. ஹட்சிங்ஸ் கண்டது அதற்கு எதிரானது: அவர் ஆராய்ந்த இணையச் சபைகளின் ஆர்வமுள்ள உறுப்பினர்களில் பெரும்பாலோர் ஊரில் ஒரு சபைக்கும் சென்றுகொண்டிருந்தார்கள். அங்கே கிடைக்காத ஒன்றை இங்கே தேடினார்கள். அது பெரும்பாலும் பிரசங்கம் அல்ல, உரையாடல். இது ஊர்ச் சபைகளுக்கு ஆறுதல் அளிக்கும் செய்தி என்று சிலர் கருதலாம். என் பார்வையில் அது குற்றப்பத்திரிகைக்கு நெருங்கியது.

2004 செப்டம்பரில் முப்பரிமாணக் கூட்டு வழிபாடு நிறுத்தப்பட்டது. சில மாதச் சோதனை முயற்சியாகவே அது தொடங்கப்பட்டிருந்தது. ஆனால் கூடிவந்தவர்கள் கலையவில்லை. எழுத்து உரையாடலாகத் தொடர்ந்து, 2006இல் ‘செயின்ட் பிக்சல்ஸ்’ என்னும் சபையாக மறு உருவம் பெற்று, பின்னர் ஃபேஸ்புக்கின் உள்ளேயும் இடம்பெயர்ந்தார்கள். உருவமும் ஆலயமும் போன பிறகும் உறவு தொடர்ந்தது என்பது, இந்த நிகழ்வின் மிக முக்கியமான சான்று. அவர்கள் அவ்வப்போது நேரிலும் சந்தித்துக்கொண்டார்கள் என்பது அதற்கு அடுத்த சான்று. யோவான் தம் இரண்டாம் நிருபத்தில், காகிதத்தினாலும் மையினாலும் எழுத மனமில்லை, நேரில் வந்து முகமுகமாய்ப் பேச விரும்புகிறேன் என்று எழுதியதை இங்கே எண்ணிப் பார்க்கலாம். நேரில் பேசும் விருப்பத்தையும் அவர் கடிதத்தில்தான் எழுத வேண்டியிருந்தது.

அதே 2004இல் ஆக்ஸ்ஃபோர்டு மறைமாவட்டம் தொடங்கிய ‘ஐ-சர்ச்’ எதிர்த் திசையிலிருந்து புறப்பட்டது. அதற்கு ஒரு போதகர், உறுப்பினர் சேர்க்கை, பெனடிக்ட் துறவு மரபை ஒட்டிய வாழ்வொழுங்கு எல்லாம் முன்கூட்டியே இருந்தன. எதிர்பார்த்ததைவிட மிக அதிகமானோர் சேர முன்வந்ததும் அதுவும் தொடக்கத்திலேயே திணறியது. ஒழுங்கை எழுதி வைப்பது எளிது. அத்தனை பேரையும் விசாரிக்க ஆள் வேண்டும்.

திருவிருந்து என்னும் எல்லை

இணையச் சபைகளின் உறவு எங்கே நிற்கிறது என்பதை, அப்பமும் திராட்சரசமும் பகிரும் திருவிருந்தே வெளிப்படையாகக் காட்டியது. வத்திக்கான் 2002இல் வெளியிட்ட ஆவணம், இணையத்தில் திருவருட்சாதனங்கள் (திருவிருந்து, ஞானஸ்நானம் போன்ற புனிதச் சடங்குகள்) இல்லை என்று தெளிவாகச் சொல்லிவிட்டது. ‘சர்ச் ஆஃப் ஃபூல்ஸ்’ திருவிருந்தை நடத்தவில்லை. பல மரபினரும் கூடும் இடத்தில் அது பிளவையே உண்டாக்கியிருக்கும் என்பதால் அந்தத் தயக்கம் புத்திசாலித்தனமானது. 2010இல் பிரிட்டன் மெதடிஸ்த போதகர் ஒருவர் ட்விட்டர் வழியாகத் திருவிருந்து நடத்த முன்வந்தபோது, திருச்சபை கேட்டுக்கொண்டதால் அது கைவிடப்பட்டது. 2021இல்தான், பெருந்தொற்றின் அழுத்தத்துக்குப் பிறகு, மெதடிஸ்த மாநாடு குறிப்பிட்ட காலத்துக்குச் சோதனை முறையில் இணையவழித் திருவிருந்தை அனுமதித்தது. இங்கிலாந்துத் திருச்சபையோ, திரையின் முன் அப்பத்தையும் திராட்சரசத்தையும் வைத்துக்கொள்ள மக்களை ஊக்குவிக்க வேண்டாம் என்று குருமாருக்கு அறிவுறுத்தியிருந்தது.

இவற்றில் எது சரி என்று தீர்ப்பது இந்த ஆய்வின் வேலை அல்ல. ஒன்றை மட்டும் குறிப்பிடலாம்: ஆதரவாளர்களும் எதிர்ப்பாளர்களும் பெரும்பாலும் அப்பத்தின் மேல் சொல்லப்படும் ஜெபம் எவ்வளவு தூரம் செல்லும் என்பதையே விவாதித்தார்கள். கொரிந்து சபையைப் பவுல் கண்டித்ததோ, ஒருவன் பசியாயிருக்க ஒருவன் குடிவெறியில் இருந்த பந்தியைக் குறித்து. அருகில் இருப்பவனின் பசியே தெரியாத திரைக்கு முன் அந்தக் கண்டனம் எப்படிப் பொருந்தும் என்பது இன்னும் கடினமான கேள்வி.

2020உடன் ஓர் ஒப்பீடு

2020 மார்ச் 24 முதல் இங்கிலாந்துத் திருச்சபையின் ஆலயங்கள் மூடப்பட்டன. தனி ஜெபத்துக்குக்கூட உள்ளே செல்ல வேண்டாம் என்று குருமாரிடமும் கேட்டுக்கொள்ளப்பட்டது. ஏப்ரல் 12 ஈஸ்டர் அன்று கேன்டர்பரி தலைமைப் பேராயர் ஜஸ்டின் வெல்பி தம் இல்லத்தின் சமையலறையிலிருந்து வழிபாடு நடத்தினார். 2004இல் சில பத்துப் பேர் பொம்மைகளாகக் கூடியதை வேடிக்கை பார்த்த உலகம், 16 ஆண்டுகளில் முழுவதுமாகத் திரைக்கு முன் வந்துவிட்டது. படத்தின் தரத்தில் ஒப்பிடவே இயலாத முன்னேற்றம். உறவின் தரத்தில் அப்படிச் சொல்ல முடியாது. நேரலை ஆராதனையில் சபையார் பெரும்பாலும் 2004இன் ஆவிகளின் நிலைக்கே திரும்பினார்கள். பக்கத்துப் பலகையில் யார் என்று தெரியாது, பரமண்டல ஜெபத்தைத் தட்டச்சு செய்து கலக்கும் இடமும் பல சமயம் இல்லை.

அந்த ஏப்ரல் 17 அன்று, நேரலையில் ஒளிபரப்பான திருப்பலியிலேயே, மக்களும் அருட்சாதனங்களும் இல்லாத நெருக்கம் ஆபத்தானது, இது நெருக்கடிக்கான ஏற்பாடே அன்றித் திருச்சபையின் இயல்பு அல்ல என்று போப் பிரான்சிஸ் எச்சரித்தார். மக்கள் இல்லாத புனித பேதுரு பேராலயத்தில் தாம் ஈஸ்டர் கொண்டாடவிருப்பதை அறிந்த ஓர் ஆயர் கடிதம் எழுதித் தம்மைக் கடிந்துகொண்டதாகவும் அவர் வெளிப்படையாகச் சொன்னார். அதே மாதம் 26ஆம் தேதி இங்கிலாந்துத் திருச்சபை, இணையம் இல்லாதவர்களுக்காகக் கட்டணமில்லாத் தொலைபேசி எண் ஒன்றைத் தொடங்கி, பாடலையும் ஜெபத்தையும் அதில் கேட்கச் செய்தது. எல்லாரும் இணைக்கப்பட்டுவிட்டார்கள் என்ற பேச்சுக்கு நடுவே அந்தப் பழைய கருவி தேவைப்பட்டதைக் குறித்துக்கொள்ள வேண்டும்.

தமிழ்ச் சபைகளுக்கும் இதில் ஒரு பங்கு உண்டு. வளைகுடாவிலும் ஐரோப்பாவிலும் சிதறிய குடும்பங்கள் வாட்ஸ்அப் அழைப்பில் குடும்ப ஜெபம் செய்வது இன்று சாதாரணம். அங்கே உறவு முன்பே இருக்கிறது, கருவி அதைச் சுமக்கிறது. நூற்றுக்கணக்கானோர் சேர்க்கப்பட்ட ஜெபக்குழுக்களில் நிலைமை வேறு. மருத்துவமனையில் இருப்பவருக்காக ஜெப விண்ணப்பம் வந்ததும் ‘ஆமென்’ என்ற பதில்கள் வரிசையாக விழுகின்றன. அவரைப் போய்ப் பார்த்தது யார் என்ற கேள்வி அந்த வரிசையில் வருவதில்லை.

பொறுப்பாளி என்னும் கருவி

ரோமாபுரிச் சபையை அதுவரை நேரில் கண்டிராத பவுல், அங்குள்ள 20க்கும் மேற்பட்டவர்களைப் பெயர் சொல்லி வாழ்த்துகிறார். அவ்வாழ்த்துகளுக்கு முன்னால் அவர் எழுதுவது, கெங்கிரேயா சபையின் ஊழியக்காரியான பெபேயாளை ஏற்றுக்கொள்ளுங்கள் என்ற பரிந்துரையை. நிருபத்தை எடுத்துச் சென்றவள் அவளே என்பது பரவலான கருத்து. தொலைவிலிருந்து வந்த வார்த்தையோடு, அதைப் பற்றிக் கேட்கவும் பதில் சொல்லவும் ஓர் ஆள் கூடவே போனாள். ‘சர்ச் ஆஃப் ஃபூல்ஸ்’ நிகழ்வில் வார்டன்களும் கீழ்த்தளத்தில் தங்கியவர்களும் செய்தது ஏறக்குறைய அந்தப் பணியைத்தான். அவர்கள் இருந்த அளவுக்கு அது சபையாக இருந்தது. அவர்களின் எண்ணிக்கையை மீறிக் கூட்டம் வந்தபோது அது காட்சிப்பொருள் ஆனது.

இந்த ஆய்வுக்கு ஓர் எல்லை உண்டு. எழுத்தறிவும் கணினியும் ஆங்கிலமும் உடையவர்கள் பெரும்பான்மையாகக் கூடிய, சோதனை என்ற உற்சாகம் இருந்த ஒரு சூழலின் அனுபவத்தை எல்லாச் சபைகளுக்கும் பொருத்திவிட முடியாது. இன்னொன்று, சபை வேறொருவரின் மென்பொருளில் குடியிருந்ததன் விளைவு. முப்பரிமாண ஆலயத்தை இயக்கிய ஷாக்வேவ் தொழில்நுட்பத்தை அடோபி நிறுவனம் 2019இல் கைவிட்டுவிட்டதால், அது இன்றைய உலாவிகளில் திறப்பதில்லை. ஊர் ஆலயம் இடிந்தால் கல்லறைத் தோட்டமும் ஞானஸ்நானப் பதிவேடும் எஞ்சும். இணையத்தில் இயங்கும் ஜெபக்குழுவின் கணக்கு முடக்கப்பட்டால், அதில் தம் துயரத்தைச் சொன்னவர்களின் பெயர்ப் பட்டியல் யாரிடம் இருக்கும், அவர்களைத் தேடிச் செல்லும் கடமை யாருக்கு உரியது என்பதைத் தங்கள் விதிமுறைகளில் எழுதி வைக்க வேண்டிய வேலை, இத்தகைய குழுக்களை நடத்தும் சபைகளின் முன் இருக்கிறது.